காவல் உள்ள வீட்டைக் கதைக்குள் கட்டுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

மாயப்புனைவு எழுத வருகிறவர்களின் கைப்பிரதிகளைப் படித்துத் திருத்திக் கொடுப்பதைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அவற்றில் அடிக்கடி ஒரு பெரிய வீடு வரும். தேக்குத் தூண்கள் இருக்கும், மந்திரக் காவல் இருக்கும், யாரும் திறக்காத அறை ஒன்றும் இருக்கும். மூன்றாம் அத்தியாயத்துக்குள் வீடு சரிந்துவிடும். மாடிக்குப் போன பெண் சமையற்கட்டில் இறங்குவாள். எவராலும் நுழைய முடியாத வீட்டின் கூடத்தில் வில்லன் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

நானும் ஒரு குறுநாவலை இரண்டு முறை இப்படித்தான் எழுதிக் கிழித்துப்போட்டேன். மூன்றாம் முறை வேலையின் வரிசையை மாற்றினேன், வீடு நின்றது. அந்த வரிசையைத்தான் இங்கே தருகிறேன். எடுத்துக்காட்டுக்குச் செட்டிநாட்டு வீட்டை எடுத்துக்கொள்கிறேன். அதன் கட்டுக்கோப்பு எனக்குப் பழக்கம். நீங்கள் கேரளத்து நாலுகெட்டு வீட்டையோ தஞ்சாவூர்ப் பக்கத்து முற்ற வீட்டையோ அறிந்தவரென்றால் அதையே எடுங்கள். படிகள் மாறாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கட்டத்தாள் நான்கைந்து, பென்சில், அழிப்பான், அளவு நாடா. பேனா வேண்டாம். நிறைய அழிக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, நீங்கள் உள்ளே நடந்து பார்த்த ஒரு பெரிய வீடு. புகைப்படத்தில் பார்த்தது போதாது. படம் எடுப்பவர் வெயில் விழும் முற்றத்தைத்தான் எடுப்பார். நெல் மூட்டை அடுக்கிய இருட்டறையை எடுக்கமாட்டார், நமக்கோ அந்த இருட்டறைதான் வேண்டும். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்தில் சில பழைய வீடுகள் இப்போது தங்கும் விடுதிகளாக இயங்குகின்றன. போனால் தூண்களை எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, படி எவ்வளவு உயரம், கொல்லையில் பேசினால் முகப்பில் கேட்கிறதா என்று பாருங்கள்.

மந்திரங்களுக்கென்று ஒரு குறிப்பேடு வைத்திருப்பீர்கள். நான்காம் படி வரை அது மூடியே இருக்கட்டும். மந்திரத்தை முதலில் எழுதினால் வீட்டை அதற்கு ஏற்ப வளைப்பீர்கள். வீடு முதலில் வந்தால் மந்திரம் அதற்குள் அடங்கி நிற்கும்.

1. தரைப்படம் வரையுங்கள், சுவருக்குக் கனம் கொடுங்கள்

எடுத்துக்காட்டு வீட்டின் அகலம் 60 அடி, நீளம் 180 அடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டத்துக்கு 2 அடி. ஆக, தாளில் 30 கட்டம் அகலம், 90 கட்டம் நீளம்.

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்னால் திண்ணையும் முகப்பும். அதைத் தாண்டினால் வளவு, அதாவது நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி அறைகள். பிறகு பந்தி நடக்கும் இரண்டாம் கட்டு. அதற்கும் பின்னால் சமையல், கிணறு, கொல்லை. முன்வாசலும் கொல்லைவாசலும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். எல்லாக் கதவும் திறந்திருந்தால் தெருவில் நிற்பவனின் பார்வை கடைசிக் கட்டு வரை போகும். இந்த நேர்க்கோட்டை மறக்காதீர்கள், நான்காம் படியில் தேவைப்படும்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, சுவரைக் கோடாக வரைவது. சுவர் கோடு அல்ல. வெளிச்சுவர் 2 அடி கனம் என்றால் தாளில் அது ஒரு முழுக் கட்டம். அதைக் கருப்பாக நிரப்புங்கள். முழுப் படத்தையும் இப்படி நிரப்பி முடித்தபின் பாருங்கள், அகலக் கணக்கு எங்கோ இடிக்கும். ஓர் இடத்தில் இரண்டு கட்டம் மிஞ்சும். அழித்துச் சரிசெய்யாதீர்கள், அங்கே ஒரு கேள்விக்குறி மட்டும் போடுங்கள். பின்னால் ரகசியம் வைக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அறைகள் முடிந்ததும் மூன்று தடங்களை வேறு வண்ணத்தில் வரையுங்கள்: முற்றத்தில் விழும் மழைநீர் எங்கே போகிறது, அடுப்புப் புகை எங்கே போகிறது, கழிவு எங்கே போகிறது. இவற்றை விட்டுவிட்டால் பிறகு சுரங்கப்பாதை என்று எழுதும்போது அது கிணற்றுக்குள் போய்த் திறக்கும். என் இரண்டாம் வரைவில் ஒரு மூதாட்டி தன் அறை ஜன்னல் வழியே இரவில் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். படம் வரைந்து பார்த்தால் அந்த ஜன்னலுக்கும் கிணற்றுக்கும் நடுவே இரண்டு சுவர்களும் ஒரு நெல் அறையும். நாற்பது பக்கம் போனது.

2. மனிதர்களைக் குடியேற்றுங்கள்

180 அடி நீள வீட்டில் மூன்று பேர் மட்டும் வசிப்பார்கள். இதை எத்தனை கைப்பிரதிகளில் படித்திருக்கிறேன்! யார் கூட்டுகிறார்கள்? யார் எண்ணெய் ஊற்றுகிறார்கள்? கூட்ட ஆளில்லாத வீட்டில் காவலும் இருக்காது. காரணம் நான்காம் படியில்.

இந்த வீட்டுக் கணக்கு உங்களுக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) வழக்கில், திருமணமான ஒவ்வொரு மகனும் ஒரு தனிப் புள்ளி. வளவைச் சுற்றி அவனுக்கென்று அறை உண்டு. கூரை ஒன்றுதான் என்றாலும் உலை தனி. கோயிலுக்குச் செலுத்தும் வரியும் புள்ளிக் கணக்கில்தான். எனவே தாளில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு பெயர் எழுத முடியும், எழுத முடியாத அறை உடனே கண்ணில் படும்.

எடுத்துக்காட்டு வீட்டில் நான்கு மகன்கள், நான்கு புள்ளிகள். இவர்களுக்கு மேலே ஓர் அப்பத்தா. கணக்கெழுதும் ஒருவர், சமையலுக்கு இருவர், வாசல் தெளிக்க ஒருத்தி, இரவுக் காவலுக்கு ஒருவர். ஒவ்வொருவருக்கும் நான்கு கேள்விகள் போதும்: எங்கே படுக்கிறார், எப்போது எழுகிறார், எந்தச் சாவி அவர் கையில், எந்த இடத்துக்கு அவர் போகக்கூடாது. நான்காவது கேள்வியை விடாதீர்கள். பெரிய வீடு என்பதே யார் எதுவரை வரலாம் என்ற கணக்குதான். திண்ணையோடு நிற்பவர், முகப்பு வரை வருபவர், வளவுக்குள் உட்காருபவர், உள்ளறைக்குப் போகிறவர் என்று மந்திரம் எதுவும் இல்லாமலே அங்கே பல அடுக்குக் காவல் இருக்கிறது. அதில் எவ்வளவு அநியாயமும் இருந்தது என்பதை எழுதுகிறவர் தெரிந்தே எழுத வேண்டும்.

3. வீடு எதற்கு அஞ்சுகிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“தீய சக்திகளுக்கு” என்று எழுதினால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அது யாருடைய அச்சமும் அல்ல.

உண்மையான வீடுகளின் அச்சம் குறிப்பானது. இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் நோல் என்ற மாளிகை இருக்கிறது. அங்கே அரசருக்காக ஒதுக்கிய அறையின் தரைப்பலகைகளைப் பெயர்த்தபோது, அடியில் உள்ள உத்தரங்களில் தச்சர்கள் கீறிய காப்புக் குறிகள் தெரிந்தன. ஒன்றை ஒன்று வெட்டும் கோடுகள், வலைபோன்ற கட்டங்கள். 2014இல் ஆய்வாளர்கள் அதை அறிவித்தார்கள். அந்த மரங்கள் 1606ஐ ஒட்டிய குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை. நாடாளுமன்றத்தை அரசரோடு சேர்த்து வெடிவைத்துத் தகர்க்கும் சதி 1605 நவம்பரில்தான் பிடிபட்டிருந்தது. குறிகள் அறையில் குளிர்காயும் கணப்படுப்பைச் சூழ்ந்து இருந்தன. புகைபோக்கியை எப்போதும் அடைத்து வைக்க முடியாது, சூனியக்காரி வருவதானால் அந்த வழியாகத்தான் வருவாள் என்று நம்பிய காலம் அது. யாருக்கு ஆபத்து, எந்த வழியாக, எப்போது என்ற மூன்றுக்கும் அந்த மரத்தில் விடை இருக்கிறது. நமக்கு வேண்டிய வாக்கியமும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நம் வீட்டுக்கு வருவோம். ஆண்கள் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டித் தொழிலுக்குப் போய் ஆண்டுக்கணக்கில் தங்கிய காலம். வீட்டில் பெண்கள், முதியவர்கள், குழந்தைகள், நிறைய நகை. இந்த வீடு திருடனுக்கு அஞ்சும், பொறாமைக்கு அஞ்சும். என் எடுத்துக்காட்டுக்கு நான் எழுதிய வாக்கியம் இது: “கடல் தாண்டிப் போனவன் திரும்பி வரும்போது, அவன் உருவில் வேறொன்று வந்து வாசலில் நிற்குமோ என்று இந்த வீடு அஞ்சுகிறது.” மூன்று வருடம் பார்க்காத கணவன் தாடியோடும் இளைத்த உடம்போடும் வந்து நின்றால் மனைவிக்கே ஒரு கணம் சந்தேகம் வரும். அச்சம் அந்த ஒரு கணத்திலிருந்து பிறந்தது. அதனால்தான் அது பிடிக்கிறது.

4. காவலை யாரோ ஒருவரின் அன்றாட வேலையாக்குங்கள்

இப்போது மந்திரக் குறிப்பேட்டைத் திறக்கலாம். இதுதான் மிகப் பெரிய படி. அவசரப்படாதீர்கள்.

காவலை இரண்டு வகையாகப் பிரியுங்கள். வீடு கட்டும்போதே வைத்துவிட்டது நிலைக்காவல். தினமும் செய்ய வேண்டியது நாட்காவல். நிலைக்காவலுக்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். நிலை வைக்கும் நாளில் அதன் அடியில் நவதானியமும் காசும் இடுகிறார்கள், நிலைக்கு மேலே கஜலட்சுமி அமர்கிறாள். சுண்ணாம்புப் பூச்சில் கடுக்காய்ச் சாறும் முட்டை வெண்கருவும் சேர்கின்றன. இவற்றில் ஏதாவது ஒன்றைச் சற்றே திருப்பினால் போதும். பூச்சு அரைத்த அன்று கடுக்காயோடு வேறு எதை அரைத்தார்கள்? ஒரு வரி, கதை தொடங்கிவிடும்.

ஆனால் கதையை ஓட்டுவது நாட்காவல். தினமும் செய்வதைத்தான் ஒருநாள் மறக்க முடியும். மூன்று போதும். என் வீட்டின் மூன்று இவை.

அந்தியில் கதவு. விளக்கு வைக்கும் நேரத்தில் முன்கதவைத் திறந்து வைத்து, கொல்லைக் கதவைச் சாத்துவது நம் வீடுகளில் இன்றும் உள்ள பழக்கம். லட்சுமி முன்னால் வருவாள், பின்னால் போய்விடக்கூடாது. நேர்க்கோடு நினைவிருக்கிறதா? கொல்லைக் கதவு அந்த நேரத்தில் திறந்திருந்தால் வீடு ஒரு குழாய். வந்தது நிற்காமல் போகும், நிற்கக்கூடாதது உள்ளே தங்கிவிடும். இதைச் செய்வது சமையற்காரரின் சிறுமகன், வயது எட்டு.

வாசலில் தொங்கும் ஆகாசக் கருடன் கிழங்கு. கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் மண்ணும் நீரும் இல்லாமலே தளிர் விடும். அது வாடினால் வீட்டுக்கு வந்ததை அது வாங்கிக்கொண்டது என்பது நம்பிக்கை. கதையில் அது என்றைக்கு வாடத் தொடங்கியது என்று குறித்து வைப்பவர் இரவுக் காவல்காரர்.

கோலம். விடிவதற்கு முன் அப்பத்தாவே போடுவாள், வேறு யாரையும் விடமாட்டாள். சிக்குக்கோலத்தின் கோடு எங்கே தொடங்கியதோ அங்கேயே வந்து சேர வேண்டும், இடையில் எடுக்கக்கூடாது. நான் சேர்த்த விதி ஒன்றே ஒன்று: நடு வரிசையில் வைக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை, வீட்டுப் புள்ளிகளின் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும். மொழியே கொடுத்த பரிசு இது, கோலத்திலும் புள்ளி, குடும்பக் கணக்கிலும் புள்ளி. வேறெங்கோ கேட்ட மந்திரச் சொற்களை இழுத்துவராமல், வீட்டுக்குள் புழங்கும் சொற்களை ஒருமுறை தட்டிப் பாருங்கள். எங்காவது ஒன்று பொள்ளலாக ஒலிக்கும்.

ஒவ்வொரு காவலுக்கும் நான்கு வரி எழுதுங்கள்: யார் செய்கிறார், எந்த நேரத்தில், என்ன செலவாகிறது, தவறினால் முதல் நாளில் என்ன ஆகும். கடைசி வரியில் “வீடு அழியும்” என்று எழுதாதீர்கள். முதல் நாளில் பால் திரியட்டும். மூன்றாம் நாளில் குழந்தை தூக்கத்தில் தெரியாத மொழியில் பேசட்டும். படிப்படியாக ஏறினால்தான் வாசகருக்குக் கால அவகாசமும் பயமும் இருக்கும்.

இங்கே வரும் தவறுகளில் முதலிடம் பட்டியலுக்கு. வாசலில் எலுமிச்சை, நிலையில் எந்திரத் தகடு, தூணில் யாளி, முற்றத்தில் நாகம், மாடியில் பைரவர் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். பத்துக் காவல் இருந்தால் ஒன்று உடைவது செய்தியே அல்ல.

5. காவலின் விதியிலேயே ஓட்டை வையுங்கள்

வில்லனின் மந்திரம் வீட்டின் மந்திரத்தைவிடப் பெரியது என்று காட்டி உள்ளே விடுவது சோம்பல். வாசகர் இதுவரை கற்றுக்கொண்ட விதிகள் எல்லாம் ஒரே வரியில் வீணாகிவிடும். விதி உடையக்கூடாது. விதி சொன்னபடியே நடந்து, அதனாலேயே கதவு திறக்க வேண்டும்.

கோலக் காவலுக்கு ஓட்டை தேடி நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். மழை, கால் பட்டு அழிவது, மாவு தீர்வது என்று என்னென்னவோ யோசித்தேன். விடை கண்முன்னாலேயே இருந்தது. துக்க வீட்டில் கோலம் போடுவதில்லை.

ஒரு மரணம் நிகழ்ந்தால் இந்த வீடு தானாகவே தன் காவலைக் கைவிடும், அதுவும் மரியாதையின் பொருட்டு. அப்படியானால் உள்ளே வர விரும்புகிறவனுக்கு மந்திரம் எதற்கு? ரங்கூனிலிருந்து ஒரு தந்தி போதும். மூத்த மகன் இறந்துவிட்டான் என்று பொய்ச் செய்தி. அன்று விடியலில் வாசல் வெறுமையாகக் கிடக்கும். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போன மாதங்களில் கதையை நிறுத்தினால் அந்தத் தந்தியைச் சரிபார்க்கவும் வழியிருக்காது.

ஓட்டையை எழுதியதும், அதை யாருக்கெல்லாம் தெரியும் என்று ஓரத்தில் குறியுங்கள். யாருக்குமே தெரியாத ஓட்டை தற்செயலாகிவிடும், எல்லோருக்கும் தெரிந்ததோ முட்டாள்தனமாகிவிடும். என் வீட்டில் அது இருவருக்குத் தெரியும். அதில் ஒருத்தி அப்பத்தா. தெரிந்தும் அவள் கோலம் போடவில்லை. மகன் செத்த செய்தி வந்த வாசலில் எந்தத் தாய் மாவைத் தொடுவாள்?

6. ரகசிய அறையை அளந்து மறையுங்கள்

இதற்கு நல்ல ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். நிக்கலஸ் ஓவன் என்ற தச்சர். இங்கிலாந்தில் கத்தோலிக்கக் குருமார்கள் வேட்டையாடப்பட்ட காலத்தில், பெரிய வீடுகளுக்குள் அவர்களுக்கு மறைவிடங்கள் கட்டியவர். பகலில் எல்லோரும் பார்க்க ஒரு சில்லறை மராமத்து, இரவில் தனியாக உண்மையான வேலை. 1606இல் லண்டன் கோபுரச் சிறையில் சித்திரவதையில் இறந்தார். அவருடைய வேலைமுறையிலிருந்து எழுத்தாளர் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

ஒரே சூத்திரத்தை இரண்டு வீடுகளில் பயன்படுத்தாதீர்கள். ஒன்று பிடிபட்டால் மற்றதும் போகும். ஊஸ்டர்ஷயரில் உள்ள ஹார்விங்டன் மாளிகையில் ஓர் இடத்தில் நெட்டுக்குத்தாக நிற்கும் மரக்கட்டை சுழன்று வழிவிடுகிறது. வேறோர் இடத்தில் புகையே ஏறாத பொய் அடுப்பு ஒன்று இருக்கிறது. கரி பூசிய அதன் புகைபோக்கி பரணுக்குப் போகும் வழி. புத்தக அலமாரியை இழுத்தால் கதவு என்பதை இனி யாரும் எழுத வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தேட வருகிறவனும் முட்டாள் அல்ல. அந்தக் காலத்துச் சோதனைக்காரர்கள் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், உள்ளளவையும் வெளியளவையும் ஒப்பிட்டார்கள். உங்கள் மறைவிடமும் அந்தச் சோதனையைத் தாண்ட வேண்டும். முதல் படியில் கேள்விக்குறி போட்ட இடத்துக்கு இப்போது போங்கள். என் படத்தில் மிஞ்சியது 4 அடி அகலம், 10 அடி நீளம். வளவின் மேற்குப் பக்கத்தில், மூன்றாம் மகனின் அறைக்கும் நெல் அறைக்கும் நடுவில். நெல் அறையில் தட்டினால் எப்போதும் மந்தமாகத்தான் ஒலிக்கும், மூட்டைகள் சுவரை ஒட்டியிருக்கின்றன. அறுவடைக்கு முந்தைய மாதங்களில் மூட்டை குறையும். அப்போது மட்டும் அந்தச் சுவர் ஒலி காட்டிக்கொடுக்கும். ரகசியத்துக்கு ஒரு பருவம் கிடைத்துவிட்டது!

உள்ளே இருப்பது மனிதர் என்றால் மூச்சு, சோறு, கழிவு மூன்றையும் தீருங்கள். 1606 ஜனவரியில் ஹிண்ட்லிப் மாளிகையைச் சோதனையிட்டபோது, ஓவனும் அவரோடு ஒளிந்திருந்தவரும் சில நாள் பசிக்குப் பின் தாங்களே வெளியே வந்தார்கள். வேறொரு பொந்தில் இருந்த இரு குருமார்கள் அதற்குமேலும் தாக்குப்பிடித்தார்கள். புகைபோக்கி வழியாக ஒரு குழாய் விட்டு அவர்களுக்கு நீராகாரம் ஊட்டியிருந்தார்கள். கடைசியில் அவர்களையும் தோற்கடித்ததில் பெரும்பங்கு கழிப்பிட வசதி இல்லாததற்குத்தான். மந்திரத்தால் மறைத்த அறையில் ஏழு நாள் இருந்துவிட்டுச் சலவை மடிப்புக் கலையாமல் வெளியே வரும் நாயகனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குருமார்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

பூட்டைப் பற்றி ஒரு சொல். “பழங்காலப் பூட்டு” என்று எழுதாதீர்கள். திண்டுக்கல் பூட்டுத் தொழில் பக்கத்திலேயே இருக்கிறது. சாவியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் மணி அடிக்கும் பூட்டுகளைக்கூட அங்கே செய்திருக்கிறார்கள். நடு இரவில் அந்த மணி ஒருமுறை அடித்தால், பக்கம் முழுக்கப் பயத்தை வர்ணிக்கத் தேவையில்லை.

7. யாருக்கு எவ்வளவு தெரியும்?

இந்தப் படி சிறியது. ஒரு தாளில் வீட்டாரின் பெயர்களை எழுதி, ஒவ்வொருவருக்கும் ரகசியத்தில் எந்தத் துண்டு தெரியும் என்று எழுதுங்கள். முழுவதும் தெரிந்தவர் ஒருவர்கூட வேண்டாம். இருந்தால், அவர் வாயைத் திறக்காமல் இருக்க நீங்கள் காரணம் தேடிக்கொண்டே அலைய வேண்டும்.

குழந்தைகளுக்கும் வேலையாட்களுக்கும் நிறையத் தெரியும், அவர்களை யாரும் கேட்பதில்லை. என் வீட்டில் மிகக் கூர்மையான துண்டு கணக்கெழுதுகிறவர் கையில் இருக்கிறது. கோயில் வரிக் கணக்கில் இந்த வீட்டுக்கு ஐந்து புள்ளி. வீட்டிலோ நான்கு மகன்கள். முப்பது ஆண்டாக ஐந்து புள்ளிக்குப் பணம் போகிறது, அவர் கேட்டதில்லை. வரியைக் கூடக் கட்டுகிறவர்களிடம் யார் கேள்வி கேட்பார்கள்?

ஆக, அந்த 4 அடி அறையில் இருப்பது கைதி அல்ல, புதையலும் அல்ல. வீட்டைக் காப்பதற்காக, குடும்பத்தில் ஒருவராகவே எண்ணி, அறையும் உலையும் வரியும் கொடுத்து வைக்கப்பட்ட ஒன்று. இதை நான் முதலில் திட்டமிடவில்லை. தரைப்படத்தில் மிஞ்சிய இரண்டு கட்டமும் புள்ளி என்ற சொல்லும் சேர்ந்து என்னை இங்கே கொண்டுவந்து விட்டன.

8. காட்டும் வரிசை: முதலில் பழக்கம், பிறகு உறுத்தல், கடைசியில் மந்திரம்

ஒவ்வொரு காவலையும் வாசகர் குறைந்தது மூன்று முறை பார்க்க வேண்டும். முதல் முறை அது வெறும் வீட்டு வேலை. இரண்டாம் முறை அதில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை. மூன்றாம் முறைதான் அது மந்திரம். மூன்றையும் ஒரே காட்சியில் திணித்தால் விளக்கவுரை ஆகிவிடும்.

இரண்டாம் முறைக்கு என் வரைவிலிருந்து ஒரு துண்டு:

“அப்பத்தா குனிந்தபடியே பின்னால் நகர்ந்தாள். மாவு அவள் விரலிடுக்கிலிருந்து ஒரே சீராக இறங்கியது. வள்ளி நடு வரிசையை எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கொஞ்சம் தள்ளி ஐந்தாவது.

‘ஒன்று கூட வைத்துவிட்டீர்கள், அப்பத்தா.’

‘எண்ணத் தெரிந்துவிட்டதா உனக்கு?’ என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல். ‘போய்ப் பால் வந்துவிட்டதா பார்.’”

இங்கே நான் எதையும் விளக்கவில்லை. அப்பத்தா மறுக்கவும் இல்லை, பேத்தியை வேறு வேலைக்கு அனுப்புகிறாள். பெரியவர்கள் ரகசியம் காக்கும் முறை அதுதான். “அது உனக்குத் தெரியவேண்டிய காலம் இன்னும் வரவில்லை குழந்தாய்” என்று எந்த வீட்டுப் பாட்டியும் பேசிக் கேட்டதில்லை.

இன்னொரு தவறு: வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் தம் வீட்டையே வியந்து பார்ப்பது. தினமும் அந்தத் தூணில் சாய்ந்து முடி உலர்த்துகிறவள் அதை வர்ணிக்கமாட்டாள், எண்ணெய்க் கறை படிந்த இடத்தில் தலையை வைப்பாள். வியக்க வேண்டுமென்றால் புது மருமகளைக் கொண்டுவாருங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் குளிர்ச்சி அவள் காலுக்குத்தான் புதிது.

9. திருடனிடம் கொடுத்துச் சோதியுங்கள்

தரைப்படத்தையும் காவல்களின் நான்கு வரிக் குறிப்புகளையும் ஒரு நண்பரிடம் கொடுங்கள். கதையைச் சொல்லாதீர்கள். “இன்றிரவு இந்த வீட்டுக்குள் நுழைந்து, அப்பத்தாவின் அறை வரை போக வேண்டும், எப்படிப் போவாய்?” என்று மட்டும் கேளுங்கள். இலக்கிய ஆர்வம் இல்லாத நண்பராக இருந்தால் நல்லது. வீடு கட்டும் மேஸ்திரி யாராவது பழக்கமென்றால் விட்டுவிடாதீர்கள்.

நான் கொடுத்தது மின்வேலை செய்யும் ஒரு உறவினரிடம். கோலம், கதவு, கிழங்கு எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். பிறகு முற்றத்தின் மேல் விரலை வைத்து, “மேலே திறந்துதானே இருக்கிறது?” என்றார். 180 அடி வீட்டை மந்திரத்தால் சுற்றி அடைத்துவிட்டு, நடுவில் வானத்தை விட்டிருந்தேன்.

இப்படி ஒரு வழி அகப்பட்டால் உடனே நான்காவது காவலைச் சேர்த்து அடைக்கத் தோன்றும். வேண்டாம். படத்தில் அடைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள், கம்பிவலை, கூரைச்சரிவு, இரவில் முற்றத்தில் படுத்திருக்கும் ஆட்கள் என்று. அதிலும் அடையவில்லை என்றால் அந்த வழியைக் கதைக்கே கொடுத்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். முற்றத்துக்கு மேலே காவல் கிடையாது என்பது அந்த வீட்டில் ஐந்தாம் புள்ளிக்கு மட்டும் தெரியும். மழை பெய்யும் இரவுகளில் அது தன் அறையில் இருப்பதில்லை.